கட்டுகிற வளையம் வேறு, இழுக்கிற கொக்கி வேறு: பிக்கப் வாசகர் கேள்வி–பதில்

என் பிக்கப்பின் முன்பம்பருக்குக் கீழே, சேஸில் இரண்டு பக்கமும் வளையம் இருக்கிறது. வயலோரம் சேற்றில் இறங்கியபோது டிராக்டர்காரர் அதில்தான் செயினை மாட்டி இழுத்தார். வண்டி வந்துவிட்டது. ஆனால் ஒரு வளையம் கோணிவிட்டது. அது இழுப்பதற்கான கொக்கி இல்லையா?
– வாசகர், ஒரத்தநாடு

பெரும்பாலும் இல்லை. பிக்கப்பின் அடியில் மூன்று வகை மாட்டும் இடங்கள் இருக்கும். பார்வைக்கு அண்ணன் தம்பி போல இருந்தாலும் வேலை வேறு வேறு.

முதல் வகை, வண்டியைக் கப்பலிலோ கன்டெய்னர் லாரியிலோ ஏற்றிக் கொண்டுபோகும்போது ஆடாமல் கட்டிவைக்கும் வளையம். மெல்லிய கம்பியை வளைத்து வெல்டு வைத்திருப்பார்கள், அல்லது சிறு பட்டையில் ஓட்டை போட்டு ஒரே போல்ட்டில் மாட்டியிருப்பார்கள். அது தாங்க வேண்டியது கீழ்நோக்கிய இழுவையை. அதையும் நான்கு வளையங்கள் பங்கிட்டுக்கொள்ளும். இரண்டாவது, ரிப்பேரான வண்டியைத் தார்ச்சாலையில் உருட்டிக்கொண்டு போவதற்கான டோ ஹூக். பம்பரில் சின்ன மூடியைக் கழற்றி, ஜாக்கி பையில் இருக்கும் கண்ணி போல்ட்டைத் திருகி மாட்டும் வகையும் இதில்தான் சேரும். மூன்றாவதுதான், பதிந்த வண்டியை மீட்கும் கொக்கி. தடித்த பட்டை, சேஸ் சட்டத்தைத் துளைத்துப் போகும் இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட போல்ட், எத்தனை கிலோ தாங்கும் என்று பொறித்த எண். நம் ஊரில் விற்கும் பிக்கப்புகளில் இது கம்பெனியிலிருந்து வருவது அபூர்வம்.

இந்த வித்தியாசம் ஏன் பெரியது என்பதற்குக் கணக்கு இருக்கிறது. சரக்கோடு 3 டன் நிற்கும் வண்டியை நல்ல தார்ச்சாலையில் நியூட்ரலில் உருட்ட 45 முதல் 60 கிலோ இழுவை போதும். ஐரோப்பிய ஒன்றியத்தின் விதி, வண்டியில் பொருத்தும் டோ ஹூக் அந்த வண்டியின் உச்ச எடையில் பாதியைத் தாங்கினால் போதும் என்கிறது. அதாவது 3 டன் வண்டிக்கு 1.5 டன், அதுவும் நிதானமான இழுவைக்கு. சேற்றுக்கு வருவோம். சக்கரம் ஹப் (நடுக்குடம்) வரை புதைந்தால், வண்டியின் மொத்த எடைக்குச் சமமான இழுவை வேண்டும் என்பது ராணுவ மீட்புப் பிரிவினர் வைத்திருக்கும் கணக்கு. மட்கார்டு வரை போய்விட்டால் எடையைப்போல் இரண்டு மடங்கு. ஆக உங்கள் வண்டிக்கு 3 டன்னிலிருந்து 6 டன். கட்டிவைக்கும் வளையம் கோணியதோடு நின்றது உங்கள் நல்ல நேரம்.

கோணியதை நெருப்பில் காய்ச்சி நிமிர்த்தி மறுபடி பயன்படுத்தாதீர்கள். அதன் வெல்டில் கண்ணுக்குத் தெரியாத விரிசல் ஓடியிருக்கலாம். அந்த இடத்தில் சேஸ் தகடும் நெளிந்திருக்கிறதா என்று பெயின்ட் உதிர்வை வைத்துப் பாருங்கள். எந்த வளையம் எதற்கு என்பது வண்டியோடு வந்த கையேட்டில் படத்தோடு இருக்கும். பல வீடுகளில் அந்தப் புத்தகம் பாலித்தீன் உறை பிரிக்காமலேயே டேஷ்போர்டில் கிடக்கிறது.

செயினைத் தளர்வாக விட்டு, முன்வண்டி ஓடிவந்து சுண்டி இழுத்தால் பதிந்த வண்டி சட்டென்று வெளியே வருகிறது. மெதுவாக இழுத்தால் வருவதில்லை. அப்படியிருக்க, சுண்டி இழுக்கக் கூடாது என்று ஏன் சொல்கிறீர்கள்?
– வாசகர், உடுமலைப்பேட்டை

செயினிலும் வயர் ரோப்பிலும் கூடாது என்கிறோம். அதற்கென்றே நெய்த பெல்ட்டில் செய்யலாம். காரணத்தை வீட்டுக் கணக்காகவே போட்டுவிடலாம்.

2.5 டன் வண்டி மணிக்கு 10 கி.மீ. வேகத்தில் வருகிறது. அந்த ஓட்டத்தில் இருக்கும் சக்தி, அதே வண்டியை 39 செ.மீ. உயரத்திலிருந்து கீழே போட்டதற்குச் சமம். செயின் நீளாது. கொக்கி, சேஸ், செயின் எல்லாம் சேர்ந்து 5 செ.மீ. நெகிழ்கிறது என்று தாராளமாகவே வைத்துக்கொள்வோம். 39 செ.மீ. விழுந்ததை 5 செ.மீ.க்குள் பிடித்து நிறுத்த வேண்டும். 39-ஐ 5-ஆல் வகுத்து 2.5-ஆல் பெருக்கினால் சுமார் 19.5 டன். இது சராசரிதான், உச்சம் இன்னும் அதிகம். செயின், கொக்கி, போல்ட் மூன்றில் எது இளைத்ததோ அது முதலில் போகும்.

அதே வண்டி, அதே வேகம், நடுவில் 9 மீட்டர் நீளமும் 8 டன் முறிவு பலமும் உள்ள நைலான் மீட்பு பெல்ட். அது ரப்பர் மாதிரி சுமார் 65 செ.மீ. நீண்டு சக்தியை உள்வாங்கிக்கொள்ளும். உச்ச இழுவை 3 டன்னை ஒட்டித்தான் வரும். பிறகு சுருங்கும்போது பதிந்த வண்டியைத் தானே இழுக்கும். செயினில் கிடைக்கும் வெட்டு இதில் கிடையாது.

இங்கேயும் ஒரு எச்சரிக்கை. 10 கி.மீ. வேகத்தை 20 ஆக்கினால் சக்தி நான்கு மடங்கு, பெல்ட்டில் உச்ச இழுவை இரண்டு மடங்கு. 3 டன் 6 டன் ஆகிவிடும். "வரலையா, இன்னும் கொஞ்சம் வேகமா வா" என்று கரையில் நிற்பவர் கத்துவது இதனால்தான் ஆபத்து. இரண்டு முறை வரவில்லை என்றால் வேகத்தைக் கூட்டாமல் மண்வெட்டியை எடுங்கள்.

வண்டிக்குப் பின்னால் டிரெய்லர் மாட்டும் பந்து போட்டிருக்கிறேன். 3,500 கிலோ என்று எழுதியிருக்கிறது. பெல்ட்டை அதில் மாட்டலாமா?
– வாசகர், கோவை

கூடவே கூடாது. 3,500 கிலோ என்பது உருண்டு வரும் டிரெய்லரின் எடை. வெட்டி இழுக்கும் விசை அல்ல. 50 மி.மீ. பந்தின் கழுத்து முறிந்தால் பந்து பெல்ட்டோடு சேர்ந்து கவணில் வைத்த கல் போலப் பறக்கும், பின்னால் இருப்பவரின் கண்ணாடிக்கு நேராக. ஆஸ்திரேலியாவில் இப்படியே உயிர்கள் போயிருக்கின்றன.

பந்து பொருத்திய நாக்கைக் கழற்றிவிட்டால் உள்ளே 50 மி.மீ. சதுரக் குழாய் இருக்கும். அந்தக் குழாய் சேஸோடு போல்ட் போட்டு நிற்கிறது என்றால் நல்ல மீட்பு இடம் அதுவே. அதற்கென்று விற்கும் திண்டான இரும்புக் கட்டையைச் செருகி, 16 மி.மீ. பின் போட்டு, ஷேக்கிளை (வாயைத் திருகு பின் மூடும் வளைந்த இரும்பு வளையம்) அதில் மாட்டுங்கள். குழாய் வெறும் பம்பரில் தொங்குகிறது என்றால் அதையும் தொடாதீர்கள்.

ஹார்டுவேர் கடையில் டி-ஷேக்கிள் 150 ரூபாய்க்கும் கிடைக்கிறது, அதே அளவு வேறு இடத்தில் 900 ரூபாய் என்கிறார்கள். என்ன வித்தியாசம்?
– வாசகர், நாமக்கல்

எழுத்துதான் வித்தியாசம். நல்ல ஷேக்கிளின் உடம்பில், ஒட்டாமல் இரும்பிலேயே பொறித்து, வேலைப் பளு (பாதுகாப்பாகத் தாங்கும் எடை) இத்தனை டன் என்று இருக்கும். எழுத்தே இல்லாதது கிணற்று மோட்டாரைத் தொங்கவிடக்கூட யோசிக்க வேண்டிய சாமான்.

பிக்கப்புக்கு 4.75 டன் வில் ஷேக்கிள் சரி: உடம்பு 19 மி.மீ., பின் 22 மி.மீ. சிறிய வண்டிக்கு 3.25 டன் போதும், அதில் உடம்பு 16, பின் 19 மி.மீ. தரமானதில் முறிவு பலம் வேலைப் பளுவைப்போல் ஆறு மடங்கு வரை இருக்கும். ஆனால் அந்த ஆறு மடங்கு உங்களுக்குச் செலவழிக்கக் கொடுத்தது அல்ல. பின்னைக் கையால் முழுக்கத் திருகி, பிறகு கால் சுற்று பின்னால் விடுங்கள். முழுக்க இறுக்கினால் இழுத்த பிறகு கழற்றச் சுத்தியல் தேட வேண்டிவரும். ஷேக்கிளின் திருகு பின் கொக்கியின் ஓட்டையிலும், பெல்ட் ஷேக்கிளின் வளைந்த வில்லிலும் வர வேண்டும். குறுக்காகப் பக்கவாட்டில் இழுத்தால் ஷேக்கிளின் தாங்கு திறன் பாதியாகிவிடும்.

இரண்டு பெல்ட்டை நீளத்துக்காக இணைக்கும்போது நடுவில் ஷேக்கிள் போடுகிறவர்கள் நிறைய. பெல்ட் அறுந்தால் அந்த இரும்பு குண்டாகப் பாயும். ஒரு பெல்ட்டின் கண்ணிக்குள் மற்றதன் கண்ணியை நுழைத்து, அதன் மறுமுனையை அதற்குள்ளேயே இழுத்துக் கோத்துவிடுங்கள். முடிச்சு இறுகாமல் இருக்க நடுவில் ஒரு இதழைச் சுருட்டி வைக்கலாம். இந்த இதழையே வைத்தாலும் வருத்தப்பட மாட்டோம்.

எங்கள் ஊர் லேத்துப் பட்டறையில் 16 மி.மீ. கட்டுமானக் கம்பியை வளைத்து சேஸில் வெல்டு வைத்துத் தருகிறேன் என்கிறார்கள். 16 எம்.எம். கம்பி தாங்காதா?
– வாசகர், தேனி

கம்பி தாங்கலாம், நீங்கள் வளைக்காமலும் காய்ச்சாமலும் வைத்திருந்தால். முறுக்குக் கம்பியின் பலம், ஆலையில் தண்ணீரடித்துக் கெட்டியாக்கிய அதன் வெளித்தோலில் இருக்கிறது. சிவக்கக் காய்ச்சி வளைத்ததும் அந்தக் கெட்டித்தனம் போய்விடும். அடுத்தது சேஸ். வெல்டு ஓடிய கோட்டை ஒட்டி ஒரு பட்டை அளவுக்கு இரும்பின் குணம் மாறும். அந்த இடத்திலிருந்துதான் பின்னாளில் விரிசல் கிளம்பும். சட்டத்தின் மேல் அல்லது கீழ் விளிம்பில் குறுக்காக வெல்டு வைத்தால், ஒரு கொக்கிக்காகச் சேஸையே பணயம் வைத்ததாகிவிடும். ஃபிட்னஸ் சோதனையிலும் கேள்வி வரும்.

போல்ட் போடும் வகைதான் சரி. உங்கள் மாடலுக்கென்றே செய்த, தாங்கு திறன் பொறித்த இணைக் கொக்கிகளை வாங்குங்கள். இரண்டு பக்கமும் வாங்குங்கள். ஒற்றைக் கொக்கியில் இழுத்தால் சேஸ் சட்டம் சாய் சதுரமாக முறுக்கப் பார்க்கும். பொருத்தும்போது கவனிக்க வேண்டியது போல்ட்டின் தலை. 12 மி.மீ. போல்ட் ஒன்று, தலையில் பலத்தைக் காட்டும் எண் 4.6 என்றிருந்தால் குறுக்கு வெட்டில் சுமார் 2 டன்னிலேயே அறுந்துவிடும். 8.8 என்றால் 4 டன், 10.9 என்றால் 5 டன்னுக்குச் சற்று மேல். எண்ணே இல்லாத போல்ட்டை 4.6 என்றே நினைத்துக்கொள்ளுங்கள். பட்டறையில் டப்பாவைத் துழாவி எடுத்துக் கொடுப்பது பெரும்பாலும் அதுதான்.

சேஸ் சட்டம் மூடிய பெட்டி வடிவம் என்றால் வெறும் போல்ட்டைக் குறுக்காக விட்டு முறுக்கினால் தகடு உள்ளே ஒடுங்கும், முறுக்கு நிற்காது. உள்ளே சரியான நீளத்துக்கு வெட்டிய குழாய் ஒன்றை வைத்து அதன் வழியே போல்ட் போக வேண்டும். 10.9 போல்ட்டுக்குக் கொக்கியோடு வரும் தாளில் உள்ள முறுக்கு அளவைப் பாருங்கள், 12 மி.மீ.க்கு 110–120 நியூட்டன் மீட்டரை ஒட்டி இருக்கும். முதல் முறை இழுத்த பிறகு மறுபடி முறுக்கிப் பாருங்கள்.

இரண்டு கொக்கியிலும் சேர்த்து இழுக்க ஒரு இணைப்பு பெல்ட் வேண்டும். அதன் நீளத்தில் கஞ்சத்தனம் வேண்டாம். கொக்கிகளுக்கு நடுவே 80 செ.மீ. என்றால், 3 மீட்டர் பெல்ட் போட்டால் ஒவ்வொரு கொக்கிக்கும் மொத்த இழுவையில் 52 சதவீதம் வரும். 1 மீட்டர் பெல்ட்டை விரைப்பாகக் கட்டினால் ஒவ்வொன்றுக்கும் 83 சதவீதம். பங்கிடப் போட்ட பெல்ட்டே பாரத்தைக் கூட்டிவிடும்.

கொக்கியே கிடைக்காத இடத்தில் லீஃப் ஸ்பிரிங் பட்டையிலோ அச்சிலோ செயினைச் சுற்றலாமா?
– வாசகர், மன்னார்குடி

அச்சில் பிரேக் குழாயும் ஏபிஎஸ் வயரும் ஓடுகின்றன. செயின் அதை நசுக்கிவிட்டு, வண்டி வெளியே வந்து மேட்டில் ஏறும்போதுதான் பெடல் உள்ளே போகும். முன்பக்கம் ஸ்டீயரிங் ராடில் மாட்டுவது அதைவிட மோசம். லோடு பாடியின் ஓரத்தில் இருக்கும் கயிறு கட்டும் கொக்கி, பம்பர், ஸ்பிரிங் பட்டையைத் தொங்கவிடும் ஷேக்கிள் எதுவும் வேண்டாம். வேறு வழியே இல்லை என்றால், சேஸின் குறுக்குச் சட்டம் பக்கச் சட்டத்தைச் சந்திக்கும் இடத்தில் அகலமான பெல்ட்டைச் சுற்றி, ஓரத்தில் சாக்கு வைத்து, நிதானமாக மட்டும் இழுக்கலாம்.

டிராக்டரால் இழுத்தபோது டிராக்டரின் முன்சக்கரம் தூக்கிக்கொண்டது. டிரைவர் கிளட்சை மிதித்ததால் தப்பினார். எங்கே தவறு?
– வாசகர், திருவாரூர்

செயினை எங்கே மாட்டினார் என்பதில். பின்சக்கரம் மண்ணில் பிடித்து நிற்க, எதிரே பிக்கப் நகராமல் இருந்தால், எஞ்சினின் முறுக்கு டிராக்டரின் உடம்பையே பின் அச்சைச் சுற்றித் தூக்கும். செயின் அச்சின் மட்டத்துக்கு மேலே, அதாவது மேல் லிங்க் மாட்டும் இடத்திலோ சீட்டுக்கு அடியிலோ இருந்தால் அந்த இழுவையும் சேர்ந்து பின்னால் கவிழ்க்கும். ஓட்டுபவர் யோசித்து முடிப்பதற்குள் எல்லாம் முடிந்துவிடும். அச்சுக்குக் கீழே இருக்கும் டிராபார் என்னும் இழுவைப் பட்டையில் மட்டும் மாட்டச் சொல்லுங்கள். முதல் கியர், குறைந்த ஆக்சிலேட்டர், செயின் விரைத்த பிறகுதான் கிளட்ச் பெடலை முழுக்க விட வேண்டும். முன்சக்கரம் ஒரு விரல் எழும்பினாலும் நிறுத்தி, பிக்கப்பின் சுமையை இறக்குங்கள். 40 கிலோ நெல் மூட்டை முப்பதை இறக்கினால் 1.2 டன் குறைகிறது. மூட்டை இறக்கச் சோம்பல்பட்டுத்தான் பாதி வண்டிகளின் கொக்கி முறிகிறது.

மீட்பு பெல்ட் வாங்கிவிட்டேன். முதல்முறை பயன்படுத்தும் முன் வரிசையாகச் சொல்ல முடியுமா?
– வாசகர், ராமநாதபுரம்

முதலில் அது சரியான பெல்ட்தானா என்று பாருங்கள். நைலான் என்றும், முறிவு பலம் இத்தனை டன் என்றும் சீட்டு தைத்திருக்க வேண்டும். இரண்டு வண்டிகளில் இலகுவானதன் சுமையோடு சேர்ந்த எடைக்கு இரண்டு முதல் மூன்று மடங்கு முறிவு பலம் வேண்டும். 3 டன் வண்டிக்கு 8 டன் பெல்ட் பொருந்தும். அதிகம் தாங்கட்டுமே என்று 15 டன் வாங்கினால் அது போதிய அளவு நீளாது. சரக்குக் கட்டும் பாலியஸ்டர் பெல்ட்டும் நீளாது.

பிறகு மண்வெட்டி. நான்கு சக்கரத்துக்கும் முன்னால் சரிவாக வெட்டி, அச்சின் நடுவில் பற்சக்கரங்கள் இருக்கும் டிஃப்ரென்ஷியல் உருண்டை மண்ணில் உட்கார்ந்திருந்தால் அதையும் விடுவியுங்கள். உங்கள் கடற்கரை மணலில் காற்றை 16–18 பிஎஸ்ஐ வரை இறக்கினால் பாதி நேரம் பெல்ட்டே தேவைப்படாது. தார் ஏறும் முன் மறுபடி நிரப்பிவிடுங்கள்.

இரண்டு வண்டியும் முடிந்தவரை ஒரே நேர்கோட்டில் நிற்கட்டும். பெல்ட்டை மாட்டி, இரண்டு மூன்று மீட்டர் தளர்வை எஸ் வடிவில் தரையில் போடுங்கள். நடுவில் நனைத்த சாக்கோ கனமான போர்வையோ தொங்கட்டும், அறுந்தால் பாய்ச்சலைக் கொஞ்சம் அடக்கும். வேடிக்கை பார்ப்பவர்களை பெல்ட் நீளத்தைப்போல் ஒன்றரை மடங்கு தூரம், அதுவும் பக்கவாட்டில் நிறுத்துங்கள். 9 மீட்டர் பெல்ட்டுக்கு 14 மீட்டர். நேர்கோட்டில் முன்னும் பின்னும் யாரும் கூடாது. சைகை காட்ட ஒரே ஆள். பத்து பேர் கையாட்டினால் டிரைவர் யாரைப் பார்ப்பார்?

இருவரும் சீட் பெல்ட் போட்டு, முன்வண்டி நடை வேகத்தைச் சற்றுத் தாண்டி எடுக்கட்டும், 10 கி.மீ.யைத் தாண்ட வேண்டாம். பதிந்த வண்டியும் லோ கியரில் மெல்ல உந்த வேண்டும். வெளியே வந்ததும் அது ஹாரன் அடித்துச் சொல்ல வேண்டும். இல்லையென்றால் முன்வண்டியின் பின்பக்கத்திலேயே போய் இடிக்கும். பெல்ட் சூடாகியிருந்தால் ஆறவிடுங்கள், அடுத்தடுத்து இழுக்க இழுக்க நீளும் குணம் குறையும். வீட்டுக்கு வந்ததும் வெறும் தண்ணீரில் அலசி நிழலில் உலர்த்துங்கள். நனைந்த நைலான் 10–20 சதவீதம் பலம் குறைந்தே இருக்கும். உள்ளே தங்கிய மணல் நூலை அறுக்கும். ஓரத்தில் வெட்டு விழுந்த பெல்ட்டை வைக்கோல் கட்டப் பயன்படுத்துங்கள்.

பம்பருக்கு முன்னால் இரும்பு கார்டு போட்டு அதிலேயே கொக்கியும் வைத்துக்கொள்ளலாமா?
– வாசகர், சேலம்

முன்கார்டுகளை அகற்றும்படி மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் 2017 டிசம்பரிலேயே மாநிலங்களுக்கு எழுதிவிட்டது. அபராதத்தைத் தவிர, ஏர்பேக் சென்சார் இருக்கும் வண்டியில் மோதலை அது உணரும் விதமே மாறிவிடும். இழுக்கவும் அது உதவாது. நான்கு சின்ன போல்ட்டில்தான் நிற்கிறது.

ரோட்டில் நின்றுபோன ஆட்டோமேட்டிக் பிக்கப்பை நண்பரின் வண்டியில் கயிறு கட்டி 30 கி.மீ. இழுத்து வரலாமா?
– வாசகர், ஓசூர்

வேண்டாம், வண்டியையே மேலே ஏற்றிச் செல்லும் பிளாட்பெட் லாரியைக் கூப்பிடுங்கள். ஆட்டோமேட்டிக் பெட்டிக்குள் எண்ணெயைச் சுற்றிவிடும் பம்ப் எஞ்சின் ஓடினால்தான் ஓடும். நியூட்ரலில் போட்டாலும் பின்சக்கரம் சுற்றச் சுற்ற உள்ளே பற்கள் வறண்டு சுழலும். கட்டாயம் என்றால் பின்சக்கரங்களைத் தூக்கி வைக்க வேண்டும், அல்லது கியர்பெட்டியிலிருந்து பின் அச்சுக்குப் போகும் புரொப்பெல்லர் ஷாஃப்டைக் கழற்ற வேண்டும்.

கையால் கியர் போடும் வண்டி என்றால் பக்கத்துப் பட்டறை வரை இழுக்கலாம். ஃபோர்-வீல் வசதி இருந்தால் டூ-வீலுக்கு மாற்றி, கியரை நியூட்ரலில் வைத்து, சாவியை ஆன் நிலையில் விடுங்கள், இல்லாவிட்டால் ஸ்டீயரிங் பூட்டிக்கொள்ளும். எஞ்சின் ஓடாததால் ஸ்டீயரிங் கல்லாக இருக்கும். பிரேக் பூஸ்டரில் மிச்சமிருக்கும் வெற்றிடம் இரண்டு மூன்று மிதிக்குத்தான், பிறகு முழுப்பலத்தோடு மிதிக்க வேண்டும். பின்வண்டியின் ஸ்டீயரிங்கைப் பிடிப்பவர் லைசென்ஸ் உள்ளவராக இருக்க வேண்டும். இரண்டு வண்டிக்கும் நடுவே 5 மீட்டருக்கு மேல் போகக் கூடாது, வேகம் 24 கி.மீ., பின்வண்டியின் பின்புறம் வெள்ளைப் பலகையில் 75 மி.மீ. உயரக் கறுப்பு எழுத்தில் ஆங்கிலத்தில் 'ஆன் டோ' என்று எழுத வேண்டும் என்பது 1989-ம் ஆண்டு சாலை விதிமுறை. 2017-ல் அதன் இடத்துக்குப் புதிய விதிமுறைகள் வந்துவிட்டன. ஆனாலும் அந்த அளவுகளைப் பிடித்துக்கொண்டு போனால் கயிறு தரையில் உரசாது, வளைவில் நடுவே பைக்காரர் நுழையவும் மாட்டார். கயிற்றின் நடுவில் சிவப்புத் துணி கட்ட மறக்காதீர்கள்.